இறந்தகால வினைகள் இருபத்திரண்டு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் மேல்மாடியில் அருந்ததி சனிக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தாள். பதினான்கு பேர் படித்தார்கள். ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, ஓட்டோ ஓட்டும் செபநாயகம், கனடாவுக்குப் போகக் காத்திருந்த ஒரு கணவனும் மனைவியும் என்று பலவிதமானவர்கள். அருந்ததிக்கு முப்பத்துநான்கு வயது. படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள்.

பிரியந்தினிக்கு நாற்பத்தொரு வயது. இணுவிலிலிருந்து பஸ்ஸில் வருவாள். நகரத்தில் ஒரு சிறிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. கொழும்பு பஸ்ஸைப் பற்றி வெள்ளைக்காரர்கள் கேட்டால் "பஸ் கோ" என்று சொல்லி வாசலைக் காட்டுவாள். பஸ் போய்விட்டதா, இனித்தான் போகப்போகிறதா என்று விளங்காமல் அவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஓடிய ஒரு முதியவர் படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அடுத்த வாரமே பிரியந்தினி வகுப்பில் சேர்ந்தாள். வந்த முதல் நாளே, நடந்து முடிந்ததை எப்படிச் சொல்வது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டாள். அதற்கு முதலில் நிகழ்காலம் படிக்க வேண்டும் என்று அருந்ததி சொல்லிவிட்டாள்.

நிகழ்காலம் முடிந்தபோது, வெளிநாட்டிலுள்ள யாருக்காவது ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதும்படி அருந்ததி சொன்னாள். மற்றவர்கள் கற்பனையாக எழுதினார்கள். பிரியந்தினி உண்மையாகவே எழுதி, முத்திரை ஒட்டி, தபாலில் போட்டாள். இங்கிலாந்திலுள்ள அண்ணனுக்கு எழுதினாள். அவர் பெயர் அருட்செல்வன். ஏழு வருடமாக இருவருக்குள்ளும் பேச்சு இல்லை.

அம்மாவின் செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை. வர ஏலாது என்று மட்டும் தொலைபேசியில் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. விசா இருக்கிறது, நல்ல வேலை இருக்கிறது என்று முன்பு சொல்லியிருந்த மனிதர். இனி இந்த வீட்டுக்கு ரெலிபோன் எடுக்க வேண்டாம் என்று பிரியந்தினி சொன்னாள். அவரும் எடுக்கவில்லை. சில மாதம் கழித்து இவள் எடுத்துப் பார்த்தபோது அந்த இலக்கம் பாவனையில் இல்லை.

தமிழில் எழுதுவதென்றால் மன்னிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும் என்று பிரியந்தினி ஒருநாள் அருந்ததியிடம் சொல்லியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக்குச் சொல் இருக்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள், நான் நலம், எனக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்கள், மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, நான் ஹோட்டலில் வேலை செய்கிறேன் என்று பத்து வரி எழுதினாள். அது அவளுக்கு வசதியாக இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு அண்ணன் இவளுடைய பிள்ளைகளுக்கு அனுப்பிய பார்சலின் பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, அதிலிருந்த விலாசத்தைப் பார்த்து எழுதினாள்.

இறந்தகாலம் தொடங்கி நான்காவது சனிக்கிழமை. ஆங்கிலத்தில் எழுதிய ஏதாவது ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து, அதிலுள்ள இறந்தகால வினைச்சொற்களைச் சிவப்புப் பேனையால் கோடிட்டு, எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்பது அன்றைய வீட்டுவேலை. செபநாயகம் ஒரு கிரிக்கெட் செய்தியை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். தாதி ஒரு குழந்தைகள் கதையைக் கொண்டுவந்தாள். பிரியந்தினி தன் முறை வந்தபோது பையிலிருந்து ஒரு நீல நிறக் கடிதத்தாளை எடுத்தாள். பதில் வந்திருக்கிறது என்றாள். அண்ணன் எழுதவில்லை, அவர் இருந்த வீட்டின் சொந்தக்காரப் பெண் எழுதியிருக்கிறார் என்றாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. தங்கள் வீட்டுவேலைக்கு இங்கிலாந்திலிருந்து பதில் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

"இருபத்திரண்டு வினை இருக்கு ரீச்சர். எல்லாத்துக்கும் கோடு போட்டுட்டன்" என்றாள் பிரியந்தினி.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். அருந்ததி பக்கத்தில் நின்று, பேனையால் ஒவ்வொரு கோட்டின் மேலும் சரி போட்டுக்கொண்டு வந்தாள். ஆங்கிலத்தில் இறந்தகாலச் சொல்லின் முடிவு ஓரிடத்தில் 'ட்' என்று ஒலிக்கும், ஓரிடத்தில் 'ற்' என்று ஒலிக்கும், சில சொற்களில் மட்டும் 'இட்' என்று வரும். அன்று அருந்ததியின் காது அந்த ஒலிகளில்தான் இருந்தது. கடிதத்தில் என்ன சொல்லியிருந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை.

அருள் என் வீட்டு மேலறையில் ஒன்பது வருடம் வாழ்ந்தார். 'லிவ்ட்' என்று திருத்தினாள் அருந்ததி. சரி. அவர் அமைதியான மனிதராக இருந்தார். 'வோஸ்', சரி. ஒரு பேக்கரியில் வேலை செய்தார். 'வேர்க்ற்' என்று சொல்லுங்கோ. சரி. என் தோட்டத்தில் பச்சைமிளகாய் வளர்த்தார். இதற்கு 'இட்' இல்லை, சொல்லே மாறும், 'குறூ'. பிரியந்தினி அதைச் சரியாகவே கோடிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்தார். 'குக்ற்', சரி. உன்னைப் பற்றி அடிக்கடி கதைத்தார். உன் படத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சரி, சரி.

"வீ லொஸ்ற் ஹிம் இன் நவம்பர்" என்று வாசித்தாள் பிரியந்தினி. "இற் வோஸ் வெறி சடின்."

அருந்ததி இரண்டுக்கும் சரி போட்டாள். போட்ட பிறகுதான் அந்த வரி அவளுக்கு விளங்கியது. நவம்பரில் அவரை இழந்தோம். அது மிகவும் திடீரென்று நடந்தது.

வாசித்து முடிந்ததும் வகுப்பு கைதட்டியது. பிரியந்தினி வெட்கத்தோடு சிரித்தாள். கடிதத்தின் அர்த்தத்தைத் தமிழில் சொல்லும்படி செபநாயகம் கேட்டார். அண்ணை இப்போது அந்த வீட்டில் இல்லை என்று பிரியந்தினி விளக்கினாள். நவம்பர் மாதம் திடீரென்று எங்கேயோ போய்விட்டார், அந்தப் பெண்ணுக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று, சொல்லாமல் கொள்ளாமல் போவது அவருடைய பழைய பழக்கம் என்றாள். அவரைத் தேடிப்பிடிக்க என்ன வழி என்று வகுப்பு உற்சாகமாக யோசிக்கத் தொடங்கியது. ஃபேஸ்புக்கில் படத்தைப் போடலாம் என்றார் ஒருவர். பேக்கரியின் பெயரைக் கேட்டு எழுதலாம் என்றாள் தாதி.

அருந்ததி பேனையை மூடவில்லை. தாளின் ஓரத்தில் அது தொட்டு நின்ற இடத்தில் சிவப்பு மை வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது. தான் பிழையாக விளங்கியிருக்கலாம் என்று ஒருகணம் நினைத்தாள். வாழ்ந்தார், வேலை செய்தார், சமைத்தார் எல்லாம் வீடு மாறிப்போன ஒருவரைப் பற்றியும் எழுதக்கூடிய சொற்கள்தான். ஆனால் வீடு மாறிப்போன ஒருவரை இழந்தோம் என்றா எழுதுவார்கள்?

கடிதம் இந்தப் பக்கத்தோடு முடியவில்லையே என்று கேட்டாள். கடைசி வசனம் பாதியில் நின்றது. இன்னொரு தாள் இருக்கிறது என்றாள் பிரியந்தினி. கூட்டெழுத்து என்பதால் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி முடிக்கவே பத்து நாள் போய்விட்டது, மற்றப் பக்கத்தை அடுத்த கிழமைக்கு வைத்திருக்கிறாள். பையிலிருந்து அதையும் எடுத்து நீட்டினாள். மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

அருந்ததி யன்னலோரம் போய் நின்று மனதுக்குள் வாசித்தாள். கீழே பஸ் கொண்டக்டர் ஒருவன் பருத்தித்துறை, பருத்தித்துறை என்று கூவிக்கொண்டிருந்தான். முதல் வரியிலேயே அம்புலன்ஸ் வந்தது. மூன்றாவது வரியில் அவருடைய இதயம் நின்றது. எழுதிய பெண் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே எழுதியிருந்ததை அருந்ததி இரண்டுமுறை வாசித்தாள். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பியபோது வகுப்பு முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டோ ஓட்டுபவர் என்பதால் முகங்களைப் படித்துப் பழகியவரோ என்னவோ, செபநாயகம் எல்லாரையும் தேத்தண்ணி குடிக்கப் போவோம் என்று எழுப்பினார். ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள். பிரியந்தினி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அருந்ததி அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதல் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று தொடங்கினாள். ஆங்கிலத்தில் ஓர் ஆளை 'லொஸ்ற்' என்று எழுதினால், அந்த ஆள் இப்போது இல்லை என்று அர்த்தம் என்றாள்.

பிரியந்தினி தலையை ஆட்டவில்லை. மேசையிலிருந்த தன் கொப்பியை இழுத்து, வினைச்சொற் பட்டியல் இருந்த பக்கத்தை விரித்தாள். அவள் விரல் வரிசையாகக் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இல்லை ரீச்சர். லொஸ்ற் எண்டால் துலைச்சது. நீங்கள்தானே எழுதிப்போட்டனீங்கள். பேனையைத் துலைச்சன், கதவுத் திறப்பைத் துலைச்சன் எண்டு வசனமும் தந்தனீங்கள்."

"ஓம் அக்கா. அதுவும் சரிதான்."

"செத்தால் டைட் எண்டுதானே எழுதவேணும்? அதுவும் இஞ்சை கிடக்கு. கடிதத்திலை அந்தச் சொல் எங்கை இருக்கு? காட்டுங்கோ பாப்பம்."

அவள் குரல் உயரவில்லை. பரீட்சைத்தாளில் புள்ளி தவறாகப் போட்டுவிட்டதைச் சுட்டிக்காட்டும் ஒருவரைப் போல, பிடிவாதமாகக் கேட்டாள். அருந்ததி கடிதத்தின் முதல் தாளை வாங்கிப் பார்த்தாள். அந்தச் சொல் உண்மையிலேயே அதில் இல்லை. இரண்டாவது தாளிலும் இல்லை.

"எங்கடை ஆக்களும் அதை நேரை சொல்லுறேல்லைத்தானே அக்கா" என்றாள் அருந்ததி. "தவறிப்போனார் எண்டுதானே சொல்லுறம்."

பிரியந்தினி அந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டாள். விரல் இன்னும் பட்டியலின் மேல் இருந்தது. அருந்ததியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொரு சொல் வரும், அது இதை மாற்றிவிடும் என்பதைப் போல. பிறகு கொப்பியை மெதுவாக மூடினாள். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, சிவப்புச் சரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் இதைக் கைதட்டலுக்கு வாசிச்சனான்" என்றாள்.

அதற்குச் சரி போட்டவள் அருந்ததிதான்.

செபநாயகத்தின் ஓட்டோவில் மூவரும் இணுவிலுக்குப் போனார்கள். வழி முழுக்கப் பிரியந்தினி அழவில்லை. மருதனார்மடப் பக்கம் போகும் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தியபோது, அண்ணை என்று எழுதாமல் அவர் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன் என்று மெல்லச் சொன்னாள். ஆங்கிலத்தில் அண்ணை என்பதற்கு என்ன எழுதுவது என்று அப்போது தெரியவில்லையாம்.

அவளுடைய கணவன் ஜெயரூபன் வெங்காயத் தோட்டத்தில் நின்றவன், ஓட்டோ வந்து நின்றதைக் கண்டு கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தான். செபநாயகம் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஜெயரூபன் படியிலேயே இருந்துவிட்டான். அவனுக்கும் மைத்துனருக்கும் நேரில் பழக்கமில்லை. கலியாணத்துக்கு முன்பே அவர் வெளிநாடு போய்விட்டார். ஆனாலும் அவன் கண்கலங்கினான். பிள்ளைகள் இருவரும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

என்ன திகதி என்று ஜெயரூபன் கேட்டான். நவம்பர் பதினைந்து என்று கடிதத்தில் இருந்தது. அதைக் கேட்டதும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரியந்தினி கைத்தொலைபேசியை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளத் தொடங்கினாள். வெகுநேரம் தள்ளினாள். பிறகு திரையை அருந்ததியின் பக்கம் திருப்பினாள்.

நவம்பர் பதினேழாம் திகதி மூத்த மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியவீடு நடந்திருந்தது. பந்தல், வாழை, மேளக்காரர், கத்தரிப்பூ நிறச் சேலையில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் பிரியந்தினி. ஒரு படத்தில் ஒரு மனிதர் சிறுமிக்கு முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

"உது தாய்மாமன் செய்யிற வேலை. இவரின்ரை ஒண்டுவிட்ட தம்பி செய்தவர்" என்று ஜெயரூபனைக் காட்டினாள் பிரியந்தினி. "மாமன் எங்கை எண்டு வந்த சனமெல்லாம் கேட்டது. அந்தாளுக்கு எங்களை நினைக்க நேரமில்லை எண்டு நான் சொன்னனான் ரீச்சர். ஒவ்வொருத்தருக்கும் சொன்னனான்."

அவர் இறந்து அப்போது இரண்டு நாளாகியிருந்தது.

மிச்சக் கடிதத்தையும் வாசிக்கும்படி ஜெயரூபன் கேட்டான். அருந்ததி தயங்கினாள். யன்னலோரம் நின்று இரண்டுமுறை வாசித்த பகுதி அது. நாளைக்கு வாசிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள். இன்றைக்கே எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்றாள் பிரியந்தினி. ஒவ்வொரு வரியாக, முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் அருந்ததி வாசித்தாள்.

வீட்டுக்காரப் பெண்ணின் பெயர் மார்கிறெற். கடலோரமான ஒரு சிறிய ஊர் அது, அங்கே வேறு தமிழர் இல்லை. பேக்கரியில் கூட வேலை செய்த மட்டக்களப்புக்காரர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து போகிறவர். அவரும் மார்கிறெற்றும் தகனத்தை நடத்தினார்கள். பொலிசார் உறவினரைத் தேடினார்கள். அவர்களிடமிருந்த கோப்பில் பெற்றோரின் பழைய வீட்டு விலாசம்தான் இருந்தது. அந்த வீடு எப்போதோ விற்கப்பட்டுவிட்டது. அஸ்தியைக் கடலில் கரைத்துவிடலாம் என்று சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன், யாராவது ஒருநாள் எழுதுவார்கள் என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பகுதி வந்தது. அருளிடம் பதினான்கு வருடம் விசா இருக்கவில்லை. மூன்றுமுறை விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அந்த நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி உள்ளே வர முடியாது. ஊரில் பிடிபடுவோம் என்ற பயமும் அவருக்கு இருந்தது. வீட்டாருக்கு அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டார். தாய் இறந்த அன்று இரவு முழுக்க என் சமையலறையில் இருந்தார். போன செப்டெம்பர் மாதம் அவருக்கு வதிவிட உரிமை கிடைத்தது. அடுத்த நாளே ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கினார். தை மாதத்துக்கு ரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தார். சூட்கேஸ் இன்னும் அவருடைய கட்டிலில் இருக்கிறது.

அருந்ததி நிறுத்தினாள். ஜெயரூபன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிரியந்தினி எழுந்து, செருப்புப் போடாமல் வெளியே இறங்கி, தோட்டக் கிணற்றடிவரை போனாள். ஜெயரூபன் பதறி எழுந்து பின்னால் ஓடினான். அவள் அங்கே சும்மா நின்றாள். சிறிது நேரத்தில் அவளுடைய சத்தம் கேட்டது. அது அழுகையாக இருக்கவில்லை. மூச்சு வெளியே வர வழியில்லாத ஒருவரின் சத்தம். பக்கத்து வீட்டுச் சனம் வேலியடிக்கு வந்தது. அதன் பிறகு வழமையான செத்தவீட்டுக் காரியங்கள் தொடங்கின. ஏழு மாதம் பிந்தித் தொடங்கின.

அருந்ததி அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. பத்து வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறாள். 'லொஸ்ற்' என்ற சொல்லை எத்தனையோ வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். பேனை, திறப்பு, குடை. உதாரணத்துக்கு ஒரு தடவைகூட ஒரு மனிதரை வைத்ததில்லை.

கடிதத்தின் அடியில் தொலைபேசி இலக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, அங்கே காலை நேரமாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, ஜெயரூபன் அருந்ததியை வரச் சொல்லியிருந்தான். தானே கதைக்கிறேன் என்று அருந்ததி சொன்னாள். பிரியந்தினி வேண்டாம் என்றுவிட்டாள். நித்திரை இல்லாமல் ஒரு தாளில் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். விளங்காததை மட்டும் ரீச்சர் சொல்லித் தந்தால் போதும் என்றாள்.

ஸ்பீக்கரில் போட்ட தொலைபேசியில் வயதான குரல் ஒன்று ஹலோ என்றது. பிரியந்தினி தாளைப் பார்க்கவில்லை.

"ஐ ஆம் சிஸ்ரர்" என்றாள்.

இணைப்பு அறுந்துவிட்டது என்று ஜெயரூபன் நினைத்தான். பிறகு அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உன்னுடைய கடிதத்தை வாசித்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். எல்லாம் நிகழ்காலத்தில் எழுதியிருந்தாயே, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாயே என்றார். அருந்ததி மெல்லத் தமிழில் சொன்னாள்.

பிரியந்தினி கேட்டாள்: "ஹி வோஸ் அலோன்?"

சொற்களின் ஒழுங்கு பிழை. ஆனாலும் மார்கிறெற்றுக்கு விளங்கியது.

"நோ, மை டியர். ஐ வோஸ் தெயர்."

அருந்ததி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். பிரியந்தினி கையை உயர்த்தி வேண்டாம் என்றாள். அந்த இரண்டு வசனமும் அவளுக்கு நேராகவே விளங்கிவிட்டன. அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணீர் வந்தது. துடைக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டாள். அவருக்கு வலி இருந்ததா? கொஞ்ச நேரம் இருந்தது என்றார் மார்கிறெற், பொய் சொல்லவில்லை. என்னோடு கோபமாக இருந்தாரா? இல்லை என்றார். உன்னுடைய கோபம் நியாயமானது என்றுதான் எப்போதும் சொன்னார், நேரில் வந்து வாசலில் நின்றால் தங்கச்சி கதவைத் திறப்பாளா என்று என்னிடம் கேட்டார், கட்டாயம் திறப்பாள் என்று நான் சொன்னேன், நான் சொன்னது சரிதானா என்றார்.

பிரியந்தினி தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆங்கிலமே படிக்காத ஜெயரூபன், அருந்ததி தமிழில் சொன்னதைக் கேட்டுக் குனிந்து, தொலைபேசியில் உரத்து, "யெஸ். யெஸ் மடம்" என்றான்.

பத்திரிகையில் மரண அறிவித்தல் போட்டார்கள். அண்மையில் காலமானார் என்று போடலாமா என்று பத்திரிகைக் கந்தோரில் கேட்டார்களாம். கடந்த நவம்பர் பதினைந்தாம் திகதி என்று சரியான திகதியையே போட வேண்டும் என்று பிரியந்தினி சொன்னாள். அதைப் பார்த்து ஊரில் பலவிதமாகக் கதைத்தார்கள். ஏழு மாதமாகத் தெரியாமல் என்ன சகோதரம் என்றும் கதைத்தார்கள். அவள் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அண்ணனுக்கு விசா இல்லாமல் இருந்ததையும், தான் ரெலிபோனில் சொன்னதையும், சாமத்தியவீட்டில் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள்.

ஆவணி மாதம் மட்டக்களப்புக்காரர் விடுமுறையில் வந்தார். அஸ்தியையும் அதற்கான சான்றிதழையும் சூட்கேசையும் கொண்டுவந்து கொடுத்தார். சூட்கேசில் பிள்ளைகளுக்கு இரண்டு சோடிச் சப்பாத்துகளும், ஜெயரூபனுக்கு ஒரு கைமணிக்கூடும், நிறைய வெற்றிடமும் இருந்தன. இன்னும் வாங்கி முடிக்கவில்லை என்றார் வந்தவர். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து, அருட்செல்வன் எப்படிச் சிரிப்பார், என்ன சமைப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீரிமலையில் கிரியை நடந்தது. அருந்ததியும் போயிருந்தாள். ஜெயரூபன் வேட்டியோடு ஆயத்தமாக நின்றான். கடலில் இறங்கும் நேரம் வந்தபோது பிரியந்தினி தானே கொண்டுபோகிறேன் என்றாள். குருக்கள் கொஞ்சம் யோசித்தார். வேறு ஆண் சகோதரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் அதைக் கவிழ்த்தாள். கச்சான் காற்று பலமாகச் சுழன்று வீசியது. ஒரு பங்கு சாம்பல் திரும்பிவந்து அவளுடைய கைகளிலும் சேலையிலும் ஒட்டியது. அதைக் கழுவ மனமில்லாமல் சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு அலையே கழுவிவிட்டது.

கரையில் மூத்த மகள் கைத்தொலைபேசியைக் கடலை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்கிறெற் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அங்கே விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. திரையில் நரைத்த தலையும், ஒரு யன்னலும் தெரிந்தன. காற்றின் இரைச்சலில் அவர் கதைத்தது எதுவும் கேட்கவில்லை. பிரியந்தினி ஈரச் சேலையோடு கரையேறி, தொலைபேசியை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, இது கீரிமலை, இது கடல், அம்மாவையும் இங்கேதான் கரைத்தோம் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னாள். அந்தப் பக்கம் நரைத்த தலை ஆடிக்கொண்டே இருந்தது. பிழைகள் இருந்தன. அருந்ததி அவற்றைக் கவனிக்கவில்லை.